வாங்காத தகடு

மறுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கூட்டத்தின் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால் என் பெயர் கிடைக்காது. யார் மறுத்தார் என்று எழுதுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. "ஒருமனம் ஏற்படவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று மட்டும் கூட்டத்தின் எழுத்தர் வினிஃப்ரெட் தன் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருப்பார்.

நாங்கள் குவேக்கர்கள், கிறிஸ்தவர்களில் ஒரு சிறு பிரிவு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கிற இந்த ஊரில் நூற்றைம்பது வருடமாக இருக்கிறோம். பாதிரியார் கிடையாது, பாட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாய்மூடி இருப்போம். யாருக்காவது உள்ளே ஏதாவது உந்தினால் எழுந்து பேசலாம். பேசியதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது, மௌனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எந்தப் போரிலும் சேர மாட்டோம் என்பது எங்கள் கொள்கை. வியட்நாம் போர்க் காலத்தில் நான் துப்பாக்கி தூக்க மறுத்து, அதற்குப் பதிலாக இரண்டு வருடம் மருத்துவமனையில் மலச்சட்டி கழுவினேன். யாராவது கேட்டால் அதை அடக்கமாகச் சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் எப்படியாவது பேச்சை அங்கே கொண்டுபோய் விடுவேன்.

2003 வசந்தத்தில் ஈராக்கில் போர் தொடங்கிய இரண்டாவது ஞாயிறு, மௌனத்துக்கு நடுவே வெர்லா எழுந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். கணவன் விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன் ஜோயல். இருபது வயதில், கல்லூரிப் படிப்புக்கு வழி கிடைக்கும் என்று எங்கள் யாரிடமும் சொல்லாமல் மாநிலத்தின் பகுதிநேர ராணுவப் படையில் சேர்ந்துவிட்டான். அப்போது ஈராக்கில் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் சேர்ந்த செய்தி தெரிந்தபோது கூட்டத்தில் சிலர் வெர்லாவிடம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சிலரில் நானும் உண்டு.

"நியூயார்க்குல அந்த ரெண்டு கட்டடம் விழுந்தப்ப நம்மகிட்ட என்ன சொன்னாங்க? கடைக்குப் போங்க, செலவு பண்ணுங்க, அதுதான் தேசபக்தின்னாங்க" என்றாள் வெர்லா. "அப்போ நம்ம செலவுலதான் இவங்க வண்டி ஓடுது. நான் இறங்கிட்டேன். கடைசிப் புள்ள வீடு திரும்புற வரைக்கும் சாப்பாடு, மருந்து, பெட்ரோல் தவிர புதுசா ஒண்ணும் வாங்க மாட்டேன்."

அன்றைக்கே அதைச் சபதமாக எழுதி முப்பத்தோரு பேர் கையெழுத்துப் போட்டோம். கோடை முடிவதற்குள் பக்கத்து ஊர்களையும் சேர்த்து இருநூறு தாண்டிவிட்டது. பழைய துணி மாற்றிக்கொள்ள நாங்கள் கூடுகிற கூட்ட வீட்டின் பின்கட்டில் ஒரு மேசை போட்டோம். வெர்லாவின் காலணி வாய் பிளந்தபோது அதைச் சுற்றி வெள்ளி நிற டேப் ஒட்டிக்கொண்டாள். உள்ளூர்ப் பத்திரிகை அந்தக் காலணியை மட்டும் படம் எடுத்து முதல் பக்கத்தில் போட்டது. காலை வானொலியில் உளறுகிற ஒரு ஆள் அவளுக்கு 'டேப் அம்மா' என்று பெயர் வைத்துத் தினமும் கிண்டலடித்தான். "டேப் அம்மா இன்னிக்கு எந்தக் கடைக்குள்ள நுழையிறாங்கன்னு யாராவது பாத்தா உடனே போன் பண்ணுங்க, காபி வாங்கித் தர்றேன்" என்பான்.

இதில் கொழித்தவன் நான். கொதிகலன், சலவை இயந்திரம், ரொட்டி வாட்டும் கருவி என்று எது நின்று போனாலும் பழுது பார்ப்பதுதான் என் தொழில். புதிது வாங்குவதில்லை என்று இருநூறு பேர் சபதம் எடுத்தால் எனக்கு எப்படி இருக்கும்? என் கொட்டகையில் நிற்க இடமில்லை. காசுகூடப் பெரிதில்லை. ஒவ்வொருவரும் பழைய சாமானைத் தூக்கிக்கொண்டு வந்து, "லோவெல், நீங்க இல்லேன்னா இந்தப் போராட்டமே இல்ல" என்பார்கள். முப்பது வருடமாக யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் புகழ்ச்சி எனக்கு வேண்டியிருந்தது. இதை இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் ஜோயலிடமிருந்து கடிதம் வந்தது. வெர்லா அதை எடுத்துக்கொண்டு நேராக என் கொட்டகைக்கு வந்தாள்.

"படிங்க."

குண்டு துளைக்காத உடுப்பு என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள், அதில் முன்னாலும் பின்னாலும் செருக வேண்டிய பீங்கான் தகடு மட்டும் வரவில்லை என்று எழுதியிருந்தான். தகடு இல்லாவிட்டால் அது வெறும் துணி. லாரிக்காரர்களுக்குக் கடைசியில்தான் கிடைக்குமாம். வேறு பையன்களின் வீட்டில் வாங்கி அனுப்புகிறார்களாம். அளவு, கடையின் பெயர் எல்லாம் கீழே எழுதி, 'அம்மா, சீக்கிரம்' என்று முடித்திருந்தான்.

"வாங்கணும் லோவெல்" என்றாள். "ஆனா கையெழுத்துல முதல் பேரே என்னோடது. எல்லாரையும் இழுத்து விட்டுட்டு நான் மட்டும் கள்ளத்தனமாப் போயி வாங்க எனக்கு மனசு வரல. கூட்டத்துல சொல்லிட்டே வாங்கிடறேன்."

இங்கேதான் வெளியாட்கள் என்னைக் கேட்பார்கள்: பெற்ற பிள்ளைக்கு வாங்கி அனுப்ப அவள் எதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எங்களோடு பிறந்து வளர்ந்தால்தான் அது புரியும். உனக்குச் சரி என்று தோன்றுவது உன் ஆசையாகவும் இருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். கூட்டத்தில் வைத்துத்தான் எது என்று தெரியும் என்று எங்களுக்குத் தொட்டிலிலேயே சொல்லிவிடுவார்கள். வெர்லா அதை முழுக்க நம்பினாள். என்னைவிட அதிகம் நம்பினாள்.

அக்டோபர் முதல் ஞாயிறு, மௌனம் முடிந்ததும் மாதக் கூட்டம். நாங்கள் கை தூக்கி எண்ணுவதில்லை. எல்லோருக்கும் ஒரே மனம் வரும்வரை காத்திருப்போம். ஒருவர் எழுந்து 'நான் வழியில் நிற்கிறேன்' என்று சொன்னால் போதும், அந்த விஷயம் அடுத்த மாதத்துக்குப் போய்விடும். தப்பி வந்த அடிமைகளை ஒளித்துக் காப்பாற்றிய காலத்திலிருந்து இந்த முறையில் எங்களுக்குப் பெருமை உண்டு. வெர்லா கடிதத்தைப் படித்தாள். இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முடிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள். நான் எழுந்தேன்.

"ஜோயலுக்குத் தகடு குடுக்க வேண்டியது அவனைக் கூட்டிட்டுப் போனவங்க" என்றேன். "அம்மாங்க எல்லாரும் வாங்கிக் குடுத்துட்டா அவங்க எதுக்குக் குடுக்கப் போறாங்க? இந்தப் போரைச் சல்லிசா நடத்துறதே நம்ம பாசத்தை வெச்சுத்தான். ஒரு காலணி கூட வாங்காம இருந்துட்டு, கடைசியில ஆயுதக் கம்பெனி வாசல்ல போயி நின்னா நாம ஆறு மாசமா என்ன பண்ணிட்டிருந்தோம்? ஊரைத் திரட்டி அவங்களைக் கேப்போம். பேப்பர்ல எழுதுவோம். வாங்கறதுக்கு நான் வழியில நிக்கறேன்."

பேசிவிட்டு உட்கார்ந்தேன். நன்றாகப் பேசினோம் என்று தோன்றியது. அந்த வாதத்தில் இன்றைக்கும் எனக்கு ஓட்டை தெரியவில்லை, அதுதான் கொடுமை. வெர்லா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தன்னிடம்தான் ஏதோ தப்பு இருக்கிறது என்று தேடுகிறவளைப் போல நின்றுவிட்டு, "சரி லோவெல்" என்றாள். வினிஃப்ரெட் குறிப்பேட்டில் எழுதினார்.

ஒருவர் குழப்பத்தில் இருந்தால் மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போய்க் கூட உட்கார்வது எங்கள் வழக்கம். அறிவுரை சொல்லக் கூடாது, கேள்வி மட்டும் கேட்கலாம். அந்த மூன்று பேரில் என்னையும் போட்டார்கள். வெர்லாவின் சமையலறையில் ஆப்பிள் பணியாரம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தோம்.

"உனக்கு உள்ளேர்ந்து என்ன கேக்குது வெர்லா?" என்றேன்.

"ஜோயல் குரல்தான் கேக்குது. வேற என்ன கேக்கும்?"

"அது உன் பயத்தோட குரலா இருக்கலாமில்ல?"

அவள் காலித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "இருக்கலாம்" என்றாள் கடைசியில். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். அன்றைக்கே அவள் என்னைத் துடைப்பத்தால் அடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும்.

நாங்கள் சும்மா இருந்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு எண்பது கடிதம் போட்டோம். அச்சடித்த பதில் ஒன்று வந்தது. நவம்பர் கூட்டத்தில் வெர்லா மறுபடி கேட்டாள், நான் மறுபடி நின்றேன். "இன்னும் எனக்குத் தெளிவு வரல" என்றேன். என் பக்கத்தில் இருந்த கிழவர் ஹோமர் என் காதருகே குனிந்து, "உனக்குத் தெளிவு வர்றதுக்குள்ள அந்தப் பையனுக்கு நரைச்சிடும்யா" என்றார். அவரும் எழுந்து அதைச் சொல்லவில்லை.

நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாள் பண்டிகைக்கு மறுநாள் நாடே கடைகளில் முட்டி மோதும். அன்று காலை நாங்கள் அறுபது பேர் பெரிய வணிக வளாகத்தின் வாசலில் பலகை பிடித்து நின்றோம். வண்டி நிறுத்த இடமில்லாமல் ஜனம் அலைமோதிக்கொண்டிருந்தது. எங்களால் அங்கே ஒரு பொம்மைகூட விற்காமல் போகவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு பெண் வெர்லாவின் காலைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"நீங்கதானே டேப் அம்மா? உங்க பையன் அங்கதானே இருக்கான்?"

"ஆமா."

"என் தம்பியும் அங்கதான் இருக்கான். மாசம் ரெண்டு பெட்டி அனுப்பறோம். காலுறை, பேட்டரி, கண்ணுக்குக் கண்ணாடி. நீங்க என்ன அனுப்பறீங்க, துண்டுப் பிரசுரமா?"

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வெர்லா பலகையைச் சற்று உயர்த்திப் பிடித்தாள், முகம் மறைகிற அளவுக்கு. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. போகட்டும், டிசம்பர் கூட்டத்தில் விலகிக்கொள்கிறேன் என்று அங்கேயே முடிவு செய்தேன். இன்னும் ஒன்பது நாள்தானே என்று நினைத்தேன். அப்போதே அவள் கையைப் பிடித்து, 'போய் வாங்கு' என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்துக்கு வெளியே விலகுவது முறையல்ல என்று என் புத்தி சொன்னது.

அன்று மாலையே அவளிடமிருந்து தொலைபேசி. அழுதுகொண்டே சிரித்தாள். "லோவெல், ஜோயல் கூப்பிட்டான்! தகடு கெடச்சிடுச்சாம். இனிமே அனுப்ப வேண்டாம்னு சொல்லிட்டான்!"

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்றால், அன்றிரவு இரண்டு தட்டு வான்கோழிக் கறி சாப்பிட்டேன். பையன் பிழைத்தான் என்ற நிம்மதி பாதி. தோற்றுப்போனேன் என்று கூட்டத்தில் சொல்லாமல் தப்பித்தேன் என்ற நிம்மதி மீதி. டிசம்பர் கூட்டத்தில் வினிஃப்ரெட் எழுதினார்: 'ஜோயலுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. வழி திறந்ததற்கு நன்றி கூறி இந்த விஷயத்தை முடிக்கிறோம்.' காத்திருந்தால் வழி திறக்கும் என்பது எங்களுடைய பழைய நம்பிக்கை. எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தார்கள் என்று அந்த அறையில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஜோயல் திரும்பினான். ஊர் வந்து சேர்ந்த மூன்றாவது நாள் ஞாயிறு. அம்மாவுடன் வந்து கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தான். கழுத்து மெலிந்து, முகம் கறுத்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தான். போரை நடத்துகிறவன் என்று நாங்கள் ஒரு காலத்தில் முகம் சுளித்த பையன். அன்றைக்கு எல்லோரும் அவனைப் பார்த்துப் புன்னகைத்தோம். நாற்பது நிமிடம் போனது. எழுந்தான்.

"அங்க என்கூட ரூபன்னு ஒருத்தன் இருந்தான்" என்றான். "நம்ம மாநிலம்தான். வடக்க, ஏரிக்கரையில, அந்த உருக்காலை ஊரு. அவங்க அம்மா பேரு கார்மேலா. ஹோட்டல்ல ரூம் கழுவற வேலை. ஆகஸ்டுலயே காரை வித்துட்டு அவனுக்குத் தகடு வாங்கி அனுப்பினாங்க. இப்பவும் பஸ்லதான் வேலைக்குப் போறாங்க."

ஹோமர் திரும்பி அவனைப் பார்த்தார்.

"எங்கம்மா அனுப்புவாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஒவ்வொரு தடவை கூப்பிடறப்பவும் அம்மா 'அடுத்த மாசம் கூட்டத்துல கேக்கறேன்'னாங்க. ரூபன் விழுந்து விழுந்து சிரிச்சான். 'ஏண்டா, உன் உசுரு இருக்கணுமா வேண்டாமான்னு உங்க ஊர்ல கூட்டம் போட்டுப் பேசறாங்களா?'ன்னான். அப்புறம் தன்னோடதைக் கழட்டிக் குடுத்தான். 'நீ வண்டி ஓட்றவன், முன்னாடி உக்காந்திருக்க. உன்னோடது வந்ததும் திருப்பிக் குடு'ன்னான். அதுக்கப்புறம்தான் அம்மாகிட்ட கெடச்சிடுச்சுன்னு சொன்னேன். இன்னொரு தடவை அடுத்த மாசம்னு கேக்க என்னால முடியல."

வெர்லா குனிந்து தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜனவரி பதினொண்ணு. ரெண்டு பேரும் வெளிய போனோம். அவன் இருந்த வண்டி எனக்குப் பின்னாடி. நெஞ்சுல ஒரே ஒரு குண்டு." ஜோயல் நிறுத்தி மூச்சு வாங்கினான். "தகடு போடாம இருந்தான்னு ராணுவம் அவங்க அம்மாவுக்குக் கடுதாசி போட்டிருக்கு. நான் வந்து இறங்கினதுலேர்ந்து அவங்க தினமும் என்னைக் கூப்பிடறாங்க. 'நீ அவன் சிநேகிதன்தானே, சொல்லு கண்ணு. நான் அனுப்பினதை அவன் ஏன் போடல? அவன் அப்படி அசட்டையான புள்ள இல்லையே? கனமா இருந்துச்சா, அளவு தப்பா வாங்கிட்டேனா?'ன்னு கேக்கறாங்க. அளவு தப்பா வாங்கிட்டேனான்னு கேக்கறாங்க! நான் போனை வெச்சிடறேன்."

அவன் எங்களைப் பார்த்தான். நாங்கள் வழக்கப்படி பார்வையைத் தாழ்த்தி, அவன் சொன்னதை மௌனத்தில் வாங்கிக்கொண்டிருந்தோம். சுவர்க் கடிகாரம் கேட்டது. ஒரு நிமிடம் இருக்கும்.

"பேசுங்களேன்!" என்று அலறினான். "யாராவது ஏதாவது சொல்லித் தொலைங்க!"

நூற்றைம்பது வருடத்தில் அந்த அறையில் யாரும் அப்படிக் கத்தியிருக்க மாட்டார்கள். நான் எழுந்தேன். பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் ஜோயல். உங்கம்மா முதல் மாசமே கேட்டா. நான்தான் கூடாதுன்னேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீங்க எங்க வீட்டு வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்ணவருதானே?" என்றான். சிறுவயதிலேயே கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டவன், அவ்வளவுதான் அவனுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

"லோவெல் மட்டும் இல்ல" என்றாள் வெர்லா. தலை நிமிரவில்லை. "கெடச்சிடுச்சுன்னு நீ சொன்னியே, எங்கேர்ந்துன்னு நான் கேக்கல. தெரிஞ்சா சந்தோஷம் போயிடும்னு கேக்கல."

பிறகு அவள் எழுந்து மகனிடம் கையை நீட்டினாள். "நம்பரைக் குடு."

"அம்மா, வேண்டாம்."

"குடுடா."

முன்பக்கத்தில் இருந்த வினிஃப்ரெட், "வெர்லா, இதைக் கொஞ்சம் எல்லாரும் சேர்ந்து யோசிச்சு..." என்று தொடங்கினார். வெர்லா திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த அம்மாள் அப்படியே நிறுத்திவிட்டார்.

தொலைபேசி பின்கட்டில், சமையல் மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. நானும் பின்னால் போனேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ஜோயல் கதவோரம் தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டான். வெர்லா எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினாள்.

"கார்மேலாவா? நான் ஜோயலோட அம்மா பேசறேன்... இல்லைங்க, அவன் நல்லாத்தான் இருக்கான். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணும். உங்க புள்ள அசட்டையா இருக்கல. நீங்க வாங்கினது சரியான அளவுதான். அதை அவன் என் புள்ளைக்குக் குடுத்துட்டான்."

அந்தப் பக்கமிருந்து மெல்லிய குரலில் ஏதோ கேள்வி.

"இல்லைங்க, காசு இல்லாம இல்ல. காசு இருந்துச்சு."

மறுபடி ஒரு கேள்வி.

"கடைல கெடச்சுதுங்க. எங்க கெடைக்கும்னு ஜோயலே எழுதியிருந்தான்."

மூன்றாவது கேள்விக்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் எதையும் வாங்குவதில்லை என்று இருந்தோம், போர் நிற்பதற்காக இருந்தோம் என்று, பஸ்ஸில் வேலைக்குப் போகிற அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வாள்? ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் ஏன் வாங்கலன்னு கேக்கறாங்க லோவெல்" என்றாள். "கூட்டத்துல நல்லா எடுத்துச் சொன்னீங்களே. அவங்களுக்கும் சொல்லுங்க."

அவள் நீட்டிய ரிசீவரை வாங்கிக்கொண்டேன். காதில் வைத்தேன். அந்தப் பக்கம் அந்த அம்மாள் காத்துக்கொண்டிருந்தார்.